நாரை ஆஜர்

ஒரே மழைக்காலத்தில் குளத்துத் தலைப்பிரட்டைகள் அத்தனையையும் நாரை விழுங்கித் தீர்த்துவிட்டது. தவளைகள் கூடி ஒரு கோர்ட் வைத்தன. நீதிபதியாகத் தேரையைக் கல்மேல் உட்கார வைத்தன. தேரைக்கோ ஒரே யோசனை. 'நாமே கூடி, நாமே விசாரித்து, நாமே தீர்ப்பும் சொன்னால் யார் மதிப்பார்கள்?'

"நாரை! நாரை! நாரை!" என்று குமாஸ்தா தவளை மூன்று தடவை கூப்பிட்டது. நாரை வரவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய்த்தவளை அழுதபடி சாட்சி சொன்னது. "நாரை குற்றவாளி" என்றது தேரை. தண்டனையை யார் நிறைவேற்றுவது என்று தெரியாமல் எல்லாம் கலைந்தன.

மறுநாள் அவை கூடியபோது கல்மேல் நீளமாய் ஒரு நிழல் விழுந்தது. நாரை!

"இதெல்லாம் ஒரு கோர்ட்டா? உங்க தீர்ப்பு எங்கே செல்லும்?" என்று சிரித்தது. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தி, "அது கிடக்கட்டும். எனக்கு எதிரா சாட்சி சொன்னது யாரு?" என்று கேட்டது.

தாய்த்தவளை தாமரை இலைக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தேரை மட்டும் கல்லை விட்டு இறங்கவில்லை.

"குமாஸ்தா," என்றது நடுங்கும் குரலில், "நேத்து மூணு தடவை கூப்பிட்டோமே, அது இப்பதான் ஆஜராகியிருக்கு. எழுதிக்கோ."