தொடாத தாழ்ப்பாள்

“போனை இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா. கால் கட்டு தெரிஞ்சுதுன்னா கதை கந்தலாயிடும்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அக்கா உத்தரவு போட, தம்பி போனைத் தூக்கிப் பிடித்தான்.

“தெரியாதுக்கா. பின்னாடி எல்லாத்தையும் மங்கலாக்கிட்டேன். மூஞ்சியை மட்டும் சரி பண்ணிக்க. ஆபீஸ்ல யாரும் இப்படித் திருதிருன்னு முழிக்க மாட்டாங்க.”

“உனக்கென்ன, சிரிப்ப. என் பொண்ணு கண்டுபிடிச்சிடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா வெளியே கிளம்பினால் வாசல் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். மனசு ‘போதும்’ என்று சொல்லும்வரை தொட வேண்டும். இல்லையென்றால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். இந்த எண்ணம்தான் அவளுடைய பதினைந்து வயது மகளை ஆட்டிப்படைத்தது. பள்ளிக்கூடம் போவதுகூட நின்றுபோயிருந்தது.

பக்கத்தில் இதற்கென்று டாக்டர் யாரும் இல்லை. எங்கோ இருந்த ஒரு மனநல டாக்டரம்மா வாரம் தவறாமல் போன் திரையில் வந்தார். பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ தொடாமல் இரு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். நடுவில் தாங்க முடியாமல் போனால் எழுதி அனுப்ப ஓர் ஆப்பும் கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, இன்று காலைதான் முதல்முறையாகத் தாழ்ப்பாளைத் தொடாமல் அம்மாவை அனுப்பிவைத்தாள் மகள். இன்றைக்குப் பார்த்துத்தானா ஒரு பைக் வந்து அம்மாவை இடிக்க வேண்டும்?

“தொடாததாலதான் இப்படி ஆச்சுன்னு நினைச்சிட்டா அவ்வளவுதான்டா. பொண்ணு இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிடும். அவகிட்ட நீ எதுவும் உளறலையே?”

“நானா? வாயே திறக்கலை” என்றான் தம்பி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

திரை தெளிந்தது. ஒரு கட்டத்தில் டாக்டரம்மா, இன்னொரு கட்டத்தில் மகள்.

“அம்மாவும் வந்துட்டாங்க. இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு நீயே சொல்லும்மா” என்றார் டாக்டரம்மா.

“அம்மா தெருமுனை திரும்பினதும் கை தானா தாழ்ப்பாள்கிட்ட போச்சு. இழுத்துக்கிட்டேன். அழுகையா வந்துச்சு. அழுதுக்கிட்டே பல்லு விளக்கினேன். அப்புறம் மெல்லக் குறைஞ்சுது.”

பெரியவர்களே சின்னப் பழக்கத்தை விட முடியாமல் திண்டாடுகிறார்கள், இந்தப் பிள்ளை இவ்வளவு பெரிய பயத்தை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றிருக்கிறதே என்று அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

“அப்புறம் இன்னொரு தடவை வந்துச்சு” என்றாள் மகள். “காலையில வந்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. இப்பத் தொட்டாக்கூடப் போதும், எல்லாம் சரியாயிடும்னு மனசு கெஞ்சுச்சு. ஆப்ல எழுதினேன், நீங்க உடனே வந்தீங்க.”

“நான் பேச்சுத் துணைக்கு வந்தேன். தொடாம உட்கார்ந்திருந்தது நீ” என்றார் டாக்டரம்மா. எப்போதும் நிதானமாகப் பேசுகிறவருடைய குரல் கொஞ்சம் கரகரத்தது.

“எதுக்குக் கண்ணு அவ்வளவு பயம்? அம்மா இதோ ஆபீஸ்ல நல்லாத்தானே இருக்கேன்.”

இப்படியெல்லாம் சமாதானம் சொல்லக் கூடாது, சொன்னால் பயம்தான் வளரும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது வாயை விட்டு வந்த பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது.

தம்பி போனைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டான்.

“அம்மா, பைக் இடிச்சப்ப உன்னைத் தூக்கிவிட்டவர் உன் போன்ல அவசரத்துக்குன்னு போட்டிருந்த நம்பருக்குத்தான் முதல்ல கூப்பிட்டார். அது என் நம்பர். மாமாவை அங்க அனுப்பினதே நான்தான்” என்றாள் மகள். “அதுக்கப்புறமும் நான் தொடலைம்மா. இப்பவாவது சொல்லு, எந்தக் கால்ல அடி?”