அழாதவள்

"குற்றமற்றவள் என்றால் அழுதிருப்பாள். இவள் கண் கலங்கவே இல்லை. அதுவே போதுமான சாட்சி!"

நீதிபதி மேஜையைத் தட்டினார். கை கட்டப்பட்டுக் கூண்டில் நின்றவள் தலை நிமிரவில்லை. "சூனியக்காரி! கொளுத்துங்க அவளை!" என்று கூட்டம் கத்தியது.

"பத்து நிமிஷம் பிரேக்!" என்றாள் டீச்சர்.

கூட்டம் டீ கேனை நோக்கி ஓடியது. கூண்டில் நின்றவள் கயிற்றைத் தானே உருவிப் போட்டுவிட்டுச் செல்போனைத் தேடினாள்.

நாடகம் டீச்சர் எழுதியது. நீதிபதியாக நடிப்பவரோ நிஜ நீதிபதி. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். "எனக்கெதுக்கும்மா இந்த வேஷமெல்லாம்?" என்று தட்டிக்கழித்தவரை மூன்று தடவை வீட்டுக்கே போய்க் கேட்டுச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

மற்றவர்கள் இன்னும் தாளைப் பார்த்துத் திக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ தீர்ப்பு வசனம் முதல் நாளே தாள் இல்லாமல் வந்துவிட்டது. "ஐயாவுக்கு என்ன ஞாபகசக்தி!" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

இப்போது அவர் முகம் சுளித்தபடி டீச்சரைக் கூப்பிட்டார்.

"நாடகத்துல அந்த ஜட்ஜு தோப்பை லஞ்சமா வாங்கிக்கிட்டு தீர்ப்பு சொல்றான். சரி, அப்படி ஆளுங்க இருக்கானுங்க. ஆனா அந்த அழுகை வசனம் வேண்டாம்மா."

"ஏங்கய்யா?"

"அழலைன்னு ஒருத்தியைக் குற்றவாளின்னு சொல்றதா? கை நீட்டினவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான். ஜனங்க சிரிப்பாங்க. நீ சொந்தமா எழுதினதுதானே, மாத்திடு."

"நான் எழுதலீங்கய்யா. நிஜமாவே ஒரு கோர்ட்ல சொன்னது."

"எந்தக் காலத்துல?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. எங்கம்மா ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ல வேலை பார்த்தாங்க. மேலதிகாரிங்க மருந்தை வெளியில வித்துட்டு, பழியை அம்மா தலையில போட்டாங்க. மூணு பேர் பொய்ச்சாட்சி சொன்னாங்க. கோர்ட்ல நான் பயந்துடுவேன்னு அம்மா என் முன்னாடி அழலை."

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"ஏழு வருஷம் போட்டாங்க. நாலாவது வருஷம் ஜெயில்லயே போயிட்டாங்க."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலையில் கை வைத்தார்.

"அநியாயம்மா! அவனெல்லாம் ஒரு மனுஷனா? யாரும்மா அந்த ஜட்ஜு?"

டீச்சர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"நீங்கதான்."