கைக்கு மட்டும் வெளிச்சம்

முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எதற்காகப் படம் பிடிக்கிறாள் இந்தப் பெண்?

மட்டாஞ்சேரியில் ஹம்ஸாவின் சாயாக்கடைக்கு டீ மாஸ்டர் சுடலைமணி. இந்தக் கேள்வி அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பெண்ணின் பெயர் மாதுரி. காக்கநாட்டில் போட்டோகிராபி படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான். "டீ ஆத்தறதைப் படம் எடுக்கணும், மணியண்ணா. காலேஜ்ல குடுத்த வேலை" என்று போன வாரம் வந்து நின்றாள். அன்றைக்கு எடுத்த முதல் படத்தை முதலாளியிடம் காட்டினாள்.

ஹம்ஸா அதைப் பார்த்தார். பிறகு சுடலைமணியைப் பார்த்தார். பிறகு அவளைச் சர்க்கரை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கிசுகிசுத்தார்.

அன்றிலிருந்துதான் சுடலைமணிக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் இருந்தது. கொஞ்ச காலமாக வலது கை அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சும்மா வைத்திருந்தாலே நடுங்குகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எப்படியோ சமாளித்து வந்தார். ஊரில் சுவர் மட்டும் எழும்பி நிற்கிற வீடு, கல்லூரியில் படிக்கிற மகள், எல்லாம் அந்தக் கையை நம்பித்தான் இருந்தன.

"மணியண்ணே, இந்த டீ எனக்கா, மேஜைக்கா?" என்றான் காய்கறிக்கடை ஒச்சப்பன், சிந்தியதைத் துடைத்துக்கொண்டே.

"மேஜை உன்னை மாதிரி கடன் சொல்லாதுடா."

ஒச்சப்பன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, சூதானமா இரு. இந்த ஊர்ல ஆளை வேலையை விட்டுச் சும்மா நிப்பாட்ட முடியாது. யூனியன்காரன் வந்து கேப்பான். அதுக்குத்தான் முதல்லயே சாட்சிக்குப் படம், கிடம்னு எடுத்து வச்சுக்கிடுறாங்க."

சுடலைமணி வலது கையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

இன்றைக்கு மாதுரி ஒரு பெரிய விளக்கையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை அடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, நேரே அவர் கைமேல் திருப்பினாள்.

"ஏன் பாப்பா, மூஞ்சிக்கும் கொஞ்சம் வெளிச்சம் காட்டக் கூடாதா? கறுப்பா இருக்கேன்னு ஒதுக்கிட்டியோ?"

"அய்யோ, அதில்லை அண்ணா. கைக்குத்தான் வெளிச்சம் வேணும். இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஆத்துங்கோ."

உயர்த்தினால் நடுங்கும். இவளுக்குத் தெரியாமலா கேட்கிறாள்?

கல்லாவிலிருந்து ஹம்ஸாவின் குரல் வந்தது. "மோளே, கை கிட்டியோ?"

"கிடைச்சுது இக்கா. ஆனா கொஞ்சம் ஆடியிருக்கு. திரும்ப எடுக்கறேன்."

"எடுத்தோ, எடுத்தோ. கைதான் முக்கியம்."

சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் சுடலைமணி. தன் காதுபடவே பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மத்தியானத் தொழுகைக்கு ஹம்ஸா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் போனார். மாதுரி விளக்கை மடக்கிக்கொண்டிருந்தாள். சுடலைமணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எடுத்ததை எல்லாம் அழிச்சிடும்மா."

அவள் நிமிர்ந்தாள். "ஏன் அண்ணா?"

"தெரியாத மாதிரி கேக்காத. கை நடுங்குது, ஒத்துக்கிடுறேன். அதுக்காகப் படம் எடுத்துக் கொடுத்து என் பிழைப்பைக் கெடுக்கணுமா? உனக்கு நான் என்ன பண்ணேன்?"

மாதுரி கேமராவின் பின்பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

குவளையிலிருந்து டீ இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளியும் கோத்த மணிபோல அந்தரத்தில் நின்றது. மேலே அந்தக் கை, தூணில் செதுக்கியதுபோல அசையாமல் இருந்தது.

சுடலைமணி உற்றுப் பார்த்தார். கட்டை விரலில் சுட்ட தழும்பு தெரிந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை.

"இது என் கை இல்லையே."

"உங்க கைதான். ஷட்டர் வேகத்தை நன்னாக் கூட்டினா, ஆடறது எல்லாம் அப்படியே நின்னுடும். ஆனா அதுக்கு வெளிச்சம் நிறைய வேணும். அதான் பெரிய விளக்கு கொண்டு வந்தேன்."

"இதுதான் காலேஜ்ல கேட்டாங்களா?"

"இல்லை. அவா கேட்டது நேர் எதிர். மெதுவான ஷட்டர்ல, டீ பட்டு மாதிரி வழியறாப்பல எடுக்கணும். முதல் நாள் அப்படித்தான் எடுத்தேன். அதுல டீயோட சேர்ந்து உங்க கையும் கலங்கித் தெரிஞ்சுது. என் பாடத்துக்கு இனிமே வேற எங்கேயாவது போய் எடுக்கணும்."

"பின்னே இது யாருக்கு?"

அவள் வாசலைப் பார்த்தாள். தெருவில் ஹம்ஸா இன்னும் தென்படவில்லை.

"நான் சொன்னேன்னு காட்டிக்கப்படாது, அண்ணா. இக்கா புது போர்டு வைக்கப் போறார். அதுல நீங்க டீ ஆத்தற படம்தான் வரப் போறது."

"அவருக்கு... இந்த நடுக்கம் தெரியுமா?"

"அன்னிக்குச் சர்க்கரை மூட்டைக்குப் பின்னாடி அதைத்தான் சொன்னார். 'மணிக்குக் கை நடுங்கறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், மோளே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த ரோஷக்காரன் அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவான். அதனால நான் எதையும் பாக்கலை. உன் கேமராவும் பாக்கக் கூடாது.'"