பதினாலாம் நம்பர் மீட்டர்

செத்துப்போன அம்மா மூன்று நாளாகக் குளிக்கவில்லை என்பதுதான் ரெனிதாவின் கவலை.

இதைப் போய் யாரிடம் சொல்வது? கட்டின புருஷன் மேக்ஸ்வெல்லே ஒரு மாதிரி பார்ப்பான். ஆனால் போனில், ஊராட்சியின் தண்ணீர் ஆப்பில், பளிச்சென்று தெரிந்தது. பூட்டிக் கிடக்கும் அம்மாவின் பதினாலாம் நம்பர் வீட்டில், அவள் போனபின் ஊராட்சி மாட்டிய புது மீட்டர், மாட்டிய நாளிலிருந்து போன ஞாயிறு வரை தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடியிருந்தது. முப்பது லிட்டர், சில நாள் முப்பத்தைந்து. அதோடு நின்றுவிடும்.

அம்மா சகாயம்மாள் உயிரோடு இருந்தவரை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுத்தான் முதல் பூசைக்குக் கிளம்புவாள். மூன்று மாதத்துக்கு முன் சமையலறையில் வழுக்கி விழுந்தவள், இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். காட்டுப்பாக்கத்தில் இருக்கிற மகளோ, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். முதல் நாளே யாராவது கதவைத் தட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். பாவி மனுஷன், அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து ரெனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மீட்டர் ஓடுவதைப் பார்த்தபோது முதலில் குலை நடுங்கியது. அப்புறம் அதுவே ஆறுதலாகிவிட்டது. அம்மா கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள்.

போன ஞாயிறு அம்மாவின் ஆத்துமாவுக்காகப் பூசை வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து மீட்டர் நின்றுவிட்டது. ஏன் வைத்தோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

புதன்கிழமை காலை வீட்டைத் திறந்து பெருக்கலாம் என்று வந்தாள். வாசலில் ஊராட்சித் தண்ணீர்க்காரர் பாபு நின்றிருந்தார், கையில் ஸ்பேனரோடு.

"லைன கட் பண்ணிடட்டாம்மா? பூட்ன ஊட்ல தண்ணி ஓடுதேன்னு ஆபீஸ்ல என்ன கேட்டுகினே கீறாங்க."

"எங்கயாவது ஒழுகுதா இருக்கும்ண்ணே," என்று மழுப்பினாள் ரெனிதா.

"ஒழுகுனா நாள் பூரா ஓடும்மா. இது டைம் பாத்து ஓடுது, டைம் பாத்து நிக்கிது." பாபு குரலைத் தாழ்த்தினார். "எனுக்கே பயமாத்தான் கீது."

அவர் கவலை அவருக்கு. முன்பெல்லாம் டேங்க்கில் ஏற்றுகிற தண்ணீரில் பாதி எங்கே போகிறதென்றே தெரியாது. கடைசித் தெருவில் குடம் நிரம்பாத பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவது அவரைத்தான். புது மீட்டர் வந்தபின் எந்தத் தெருவில் தண்ணீர் குறைகிறதென்று போனிலேயே பார்த்து, மண்ணுக்குள் உடைந்திருந்த பைப்பையெல்லாம் தோண்டி அடைத்தார். இப்போது கடைசித் தெருவுக்கும் தண்ணீர் போகிறது.

அவருக்குப் பிடிபடாதது இரண்டே இரண்டு. செத்தவள் வீட்டில் மீட்டர் ஓடியது ஒன்று. பக்கத்துப் பதினைந்தாம் நம்பர் வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு கோவிந்தராஜின் மீட்டர் ஒரு நாள்கூட ஓடாதது இன்னொன்று. அவர் போர் போட்டிருப்பார், நம் தண்ணீர் எதற்கு என்று பாபு அதை விட்டுவிட்டார்.

"கட் பண்ணாதீங்கண்ணே. அம்மா திரும்பி வந்தா தண்ணி வேணும்ல."

பாபு ஸ்பேனரைத் தாழ்த்தினார். "சரிமா, நீங்க உள்ள போயி ஒரு கொயாய தொறங்க. லைன் நல்லா கீதான்னு பாத்துட்டுப் போயிட்றேன்."

ரெனிதா சமையலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. வெளியே காம்பவுண்டு ஓரக் குழியில் இரண்டு வீட்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாபு குனிந்து பார்த்தார். பதினாலு அசையவில்லை. பதினைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"மூடுங்கமா," என்றார். பதினைந்து நின்றது. "தொறங்க." மறுபடி ஓடியது.

பாபு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஒரே குயில ரெண்டு லைனு. மாட்டும்போது நான்தாம்மா மாத்தி மாட்டிக்கீறேன். பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தெனம் அஞ்சு மணிக்குக் குளிச்சது கோவிந்தராஜ் சாரு."

ரெனிதா வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வரவே இல்லை. இத்தனை நாளும் விடியற்காலையில் எழுந்து பார்த்தது யாரோ ஒரு மனிதர் குளித்த தண்ணீரை.

"இருங்கமா, அவுராண்டயும் சொல்லிட்றேன்," என்று பாபு அந்த வீட்டைப் பார்த்தார். "ஆளக் காணோமே. பையன் ஊட்டுக்குப் போயிருப்பாரு."

ரெனிதாவும் நிமிர்ந்து பார்த்தாள். கோவிந்தராஜ் வீட்டு கிரில் கேட்டில் பூட்டு உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாபு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து ஓடி, அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

"பூட்ட ஒடைக்கணும்ண்ணே, சார் மூணு நாளா குளிக்கல. உள்ளதான் இருக்காரு."