இறங்கி வந்தால் சரி

எண்பத்தெட்டு.

கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து ஜெயரூபி பதறவில்லை. தம்பி கஜீபனின் விரலில் மாட்டியிருந்த சின்ன மெஷின் காட்டிய ஒட்சிசன் அளவு அது. “ஆறாயிரம் அடி உயரத்தில நிக்கிறவனுக்கு உது பெரிய விஷயமில்லை” என்று, குசினிக்குள் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். “நேற்று தொண்ணூற்றொண்டு எண்டாய். நாளுக்கு நாள் குறையுதேயடி?”

“மலையில காத்து மெல்லிசம்மா. இழுக்கிற மூச்சில ஒட்சிசன் காணாது. அதை ஈடுகட்ட உடம்பு இரத்தத்தைக் கூட்டும். ஒரு மாதம் அங்க ஓடிப்போட்டுக் கீழ வந்தானெண்டா இவனை ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது.”

“எனக்கு உந்தப் படிப்பெல்லாம் விளங்காது. பிள்ளை இருமுறான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அம்மாவின் கதை எடுபடவில்லை. ஜெயரூபி துறைமுகப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டில் ஒரு தாதி இருந்தால் அவள் முக்கால் டொக்டர். சொன்னதற்கு அப்பீல் கிடையாது.

கஜீபன் பத்தாயிரம் மீற்றர் ஓட்டக்காரன். தேசியப் போட்டிக்கு முன்னான பயிற்சி முகாமுக்கு நுவரெலியாவுக்கு அழைத்திருந்தார்கள். முதல் நாள் ஓட்டத்திலேயே பாதிப் பேரைக் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதால், திருகோணமலை பஸ் நிலையத்தில் வழியனுப்பும்போது அவள் வாய் சும்மா இருக்கவில்லை. “கழிபட்டு வந்தியெண்டா என்ர முகத்தில முழிக்காதை” என்றாள். பகிடிதான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

போன மறுநாள் காலை மெஷின் தொண்ணூற்றுமூன்று காட்டியது. அந்த உயரத்துக்கு அது சரியான கணக்கு. பின்னேரம் “எடுத்திட்டாங்கள் அக்கா” என்று செய்தி வந்தது. அம்மா கோணேசர் கோயிலுக்கு ஓடினார். அவள் தெரு முழுக்கச் சொன்னாள்.

அடுத்த நாளே தொண்ணூற்றெட்டு. மலைக்குப் பழக உடம்புக்கு இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும் என்று அவள் வாசித்திருந்தாள். இவனுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. பெருமை தாங்காமல் ஆஸ்பத்திரியில் படத்தைக் காட்டித் திரிந்தாள். டொக்டர் ஸெய்னுதீன் மட்டும் நெற்றியைச் சுருக்கி, “அந்த மெஷின ஒருக்கா மாத்திப் பாருங்க” என்றார். மனிசனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை அசையாமல் நின்ற எண், இந்தக் கிழமைதான் குறையத் தொடங்கியது. காய்ச்சல், இருமல் என்றான். அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வாசித்தது பிந்தியாவது பலித்துவிட்டது. “மலை இப்பதான் தன்ர வேலையைக் காட்டுது. ரெண்டு நாள் ஓடாமல் படு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி எண்டு போய் நிக்காதை, வருத்தக்காரன் எண்டு வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்” என்று புத்தி சொன்னாள். அவனும் கேட்டு நடந்தான்.

மத்தியானம், சோற்றில் கை வைக்கும்போது அவனே அழைத்தான்.

“அக்கா...” அதற்குமேல் பேச்சு வரவில்லை. மூச்சு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மெஷினைப் போட்டுப் பார். எவ்வளவு?”

“எழுபத்தி... ரெண்டு.”

ஜெயரூபி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “துப்பினா என்ன நிறம்?”

“ரோஸ் நிறம்... நுரையா வருது.”

நெஞ்சில் நீர் கட்டிவிட்டது. மலை ஏறியவர்களுக்கு அரிதாக வருகிற வருத்தம். வந்தால் ஒரு பகலுக்குள் ஆளை முடித்துவிடும். ஆனால் அதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் குரல் நடுங்காமல் பேசினாள்.

“கஜீ, பக்கத்தில ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும்... இல்லை.”

“சரி, பயப்பிடாதை. எப்பிடியாவது றோட்டுக்கு வந்து கிடைக்கிற வானில ஏறு. கண்டிப் பக்கம் இறங்கு. இறங்க இறங்க மூச்சு வரும். இதுக்கு மருந்தே இறங்கிறதுதான்.”

“இறங்கினா... சரியாகுமா அக்கா?”

“கட்டாயம் சரியாகும்.”

“இறங்கியும்... சரியாகாட்டி?”

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். “கீழ, கடலுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு எழுபத்திரண்டு காட்டினா அது வேற வருத்தம். நாலைஞ்சு நாளுக்கு முதலே ஆஸ்பத்திரியில கிடத்தியிருக்கவேணும், இப்ப போனாலும் காப்பாத்த ஏலாது. உனக்கு அது இல்லை. விளங்குதா? உனக்கு மலைதான் வருத்தம். இப்பவே இறங்கு!”

மறுமுனையில் நீண்ட இருமல். அது அடங்கும்வரை அம்மாவும் அவளும் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் சம்பூர்ல, கடற்கரையிலதான் கிடக்கிறன் அக்கா... இறங்கி இருபது நாளாச்சு.”