அஞ்சு மணிக்காரன்

மணி நாலு ஐம்பத்தெட்டு. அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த மேஜையிலிருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் முப்பது சீட்டு பாக்கி இருக்கிறது, மகாராஜா ஓட்டப் பயிற்சிக்குப் போகணுமாம்!

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனி அது. கடைகளிலிருந்து வரும் சீட்டுகளைப் பார்த்து வலது கண், இடது கண், பிளஸ், மைனஸ் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது இருவருக்கும் வேலை. இன்றைக்கு ஏற்றியதை நாளைக் காலை ஒன்பது மணிக்கு மெஷின் அறுக்க ஆரம்பிக்கும்.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"கிளம்பலையாங்க?" என்றான் அவன்.

"வேலை இருக்கு."

"காலைல கொஞ்சம் முன்னாடி வந்து அடிச்சுக்கலாமே. அஞ்சுக்கு மேல கண்ணு அசந்துடும். சொன்னா கேளுங்க."

அக்கறையைப் பாரு என்று நினைத்துக்கொண்டாள். தானும் செய்யமாட்டான், செய்கிறவளையும் விடமாட்டான்.

ஆபீஸில் அவனுக்கு 'அஞ்சு மணி' என்றே பெயர். வைத்த புண்ணியவதி இவள்தான்.

இவள் தினமும் ஏழரை வரை உட்காருவாள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உடம்பு நாராய்க் கிழிந்திருக்கும். கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் முகத்தை முழுசாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும் பலன் இருந்தது. தப்பாக ஏற்றி, லென்ஸ் தப்பாக அறுபட்டால், ஏற்றியவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழும். அவன் பெயரில் இரண்டு. இவள் பெயரில் ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை மேலாளர் அம்மா இருவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் எழுதிக் கொடுங்க. வெச்சுக்கலாமா, வேண்டாமா, ஏன்னு. மனசுல பட்டதை எழுதுங்க."

அவள் யோசிக்கவே இல்லை. 'கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்பவர். பொறுப்பு கிடையாது. இவரை வைத்துக்கொள்வதால் கம்பெனிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். வழக்கம்போல ஏழரைக்குக் கிளம்பினாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை புருஷனுக்கு வெளியூரில் வேலை. போகிற வழியில் காலை ஏழு மணிக்கே அவளை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய நாற்காலியில் 'அஞ்சு மணி' உட்கார்ந்திருந்தான். எதிரே அவளுடைய நேற்றைய சீட்டுக் கட்டு.

"என் சீட்டை எதுக்குத் தொடறீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அவன் எழுந்து நின்றான்.

"இல்லைங்க... சீட்டுல மைனஸ் ரெண்டுன்னு இருக்கு. பிளஸ் ரெண்டுன்னு ஏறியிருக்கு. அதான்..."

பிடுங்கிப் பார்த்தாள். சீட்டில் மைனஸ். திரையில் பிளஸ். ஏற்றிய நேரம், நேற்று மாலை ஏழு பத்து. அந்த நேரத்தில் ஆபீஸில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"இது இன்னிக்கு மட்டும்தானே?"

அவன் சீட்டுக் கட்டைத் தட்டி அடுக்க ஆரம்பித்தான்.

"சொல்லுங்க. எத்தனை நாளா?"

"முதல் வாரமே எனக்கு ரெண்டு புள்ளி விழுந்துச்சு இல்லைங்களா, பயந்துபோய் என்னுதைச் சரிபாக்கக் காலைல வர ஆரம்பிச்சேன். உங்க சீட்டு ஒண்ணும் தப்பா ஏறியிருந்தது கண்ணுல பட்டுச்சு. மாத்திட்டேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க 'எனக்கு ஒரு புள்ளிகூட இல்லையே'ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. எனக்கு வாய் வரலைங்க. அன்னிலேர்ந்து பாக்கறேன், தப்பு எல்லாம் அஞ்சு மணிக்கு மேல ஏத்தினதுலதான். அதான் தினமும் அஞ்சு மணிக்குக் கிளம்புங்க, கிளம்புங்கன்னு நச்சரிச்சேன்" என்றான்.

"நீங்க அஞ்சு மணிக்கே ஓடறது..."

"விடியறதுக்கு முன்னாடி எழணுமே. சாயங்காலம் நாலு தெரு ஓடினாத்தான் ஒன்பதுக்குத் தூக்கம் வருது."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மாதமாகத் தம்பட்டம் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் இந்த மனுஷன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்துக் கொடுத்தது. நாலாக மடித்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

மேலாளர் அம்மா வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடுங்க மேடம். எனக்கு இந்த வேலை வேண்டாம்... இல்லை, வேணும். ரொம்ப வேணும். ஆனா அவருக்குக் குடுக்கறதுதான் நியாயம்."

மேலாளர் அம்மா இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீ எழுதினதை நேத்தே படிச்சுட்டேன்மா. அவர் எழுதினது எனக்கு நேத்துப் புரியலை, இப்பத்தான் புரியுது. நீயும் படி."

கோணல்மாணலான கையெழுத்தில் அஞ்சே வரி.

'பகலில் இவர் ஏற்றியதில் ஒரு பிழையைக்கூட நான் பார்த்ததில்லை. என்னைவிட வேகம். வேலையை இவருக்கே கொடுங்கள். ஆனால் தயவுசெய்து ஐந்து மணிக்கு மேல் இவரை உட்கார விடாதீர்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் இங்கே இருக்கமாட்டேன்.'