மூடியைக் காணோம்

"ஒரு மூடியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல. நீயெல்லாம் என்னய்யா போட்டோகிராபர்?"

மூத்த மகன் போட்ட சத்தத்தில் பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

போட்டோகிராபருக்கு முகம் சுருங்கிவிட்டது. கழற்றிய லென்ஸ் மூடியை எப்போதும் பேண்ட்டின் இடது பாக்கெட்டில்தான் போடுவார். தூக்கத்தில்கூடக் கை அங்கேதான் போகும். இன்று பார்த்து ஒரு கையில் ஸ்டாண்டு, மறு கையில் பை. போகிற போக்கில் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சில் மூடியை வைத்தார். திரும்பி வந்தால் காணோம்.

"காத்துல புழுதி பறக்குது சார். மூடி இல்லாம வச்சா லென்ஸ் கீறிடும். இங்கதான் வச்சேன்... அம்மா, நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கப்பா பார்த்தேன்?" என்றார் அம்மா. "காத்துல உருண்டிருக்கும். பாவம், பொழப்பைப் பார்க்க வந்த பிள்ளை. டேய், ரெண்டு பேரும் தேடிக் குடுங்கடா."

அம்மாவுக்கு இன்று எழுபது வயது. இரண்டு பிள்ளைகளோடும் சிரித்தபடி ஒரு படம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று இருவரையும் வரவழைத்திருந்தார். வந்து என்ன? பழைய வீட்டை விற்பதில் முறுக்கிக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள் இன்றும் வாயைத் திறக்கவில்லை. இதுவரை எடுத்த படங்களில் எல்லாம் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கல்தூண்கள்.

கல்தூண்கள் இப்போது புல்லில் முட்டி போட்டன.

"அவனை அந்தப் பக்கம் தேடச் சொல்லும்மா," என்றார் மூத்தவர்.

"எனக்குத் தெரியும்னு சொல்லும்மா," என்றார் இளையவர்.

"நான் என்ன தபால்காரியா? நீங்களே பேசித் தொலைங்கடா."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் புல்லைத் துழாவினார்கள். பிறகு மூத்தவர் பெஞ்சுக்கு அடியில் எதையோ ஆவலாக எடுத்தார்.

"அது காய்ஞ்ச இலைண்ணா!" இளையவருக்கு வாய் தவறி வந்துவிட்டது. "கண்ணாடியை மாத்து முதல்ல."

"நீ பேசாதடா. அப்பாவோட பேனா மூடியைத் தொலைச்சவன்தானே நீ?"

"தொலைச்சது நான்தான். அடி வாங்கினது நீதானே!"

மூத்தவர் முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டார். இளையவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்ததைப் பார்த்ததும் போட்டோகிராபருக்கு மூடி மறந்தே போனது. மளமளவென்று எடுத்துத் தள்ளினார்.

"புதருக்குப் பின்னாடி பார்ப்போம், வாடா," என்று தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார் மூத்தவர். இருவரும் வழக்கடித்தபடியே நடந்தார்கள்.

அம்மா போட்டோகிராபரைக் கையசைத்து அருகில் கூப்பிட்டார். கைப்பையைத் திறந்து மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"என்னால உனக்குத்தான் திட்டு. மனசுல வச்சுக்காதே தம்பி."

போட்டோகிராபர் மூடியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "கிடைச்சுடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிடட்டுமாம்மா?" என்றார்.

"அவசரப்படாதேப்பா," என்றார் அம்மா, புதர்ப் பக்கம் பார்த்தபடி. "சேர்ந்து இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்."